பினாங்கு – லங்காவி: விமான தூரம் எவ்வளவு, பயணத்துக்கு உண்மையில் ஆகும் நேரம் எவ்வளவு?

செராய்_மகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாடாங் செராயிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா எங்கள் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். பட்டர்வொர்த் ஆகாயப் படைத் தளத்து விமானங்கள் மர நிரைக்கு மேலே உறுமிக்கொண்டு போவதை அண்ணாந்து பார்த்தே காலம் கழித்தவர். ஆனால் இதுநாள்வரை விமானத்தில் ஏறியதில்லை. வரும் பள்ளி விடுமுறையில் அவரையும் அம்மாவையும் லங்காவிக்கு அழைத்துப் போக எண்ணியிருக்கிறோம். கோலா கெடாவுக்குப் போய் ஃபெர்ரி ஏறுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்றாலும், இம்முறை அப்பாவுக்காகப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து பறக்கலாமா என்று பேச்சு எழுந்துள்ளது.

இணையத்தில் தேடினால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்று சொல்கிறது. தூரம் 130 என்று ஒன்றும், 81 என்று இன்னொன்றும், 70 என்று மற்றொன்றும் காட்டுகின்றன. நேரமும் அப்படியே இருக்கிறது: ஓரிடத்தில் 10 நிமிடம், இன்னோரிடத்தில் 40 நிமிடம், பயணச்சீட்டு விற்கும் ஒரு தளத்திலோ நான்கு மணி நேரத்துக்கும் மேல். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று படித்திருக்கிறேன். அந்தக் கணக்கில் இந்தத் தூரத்துக்குப் பத்து நிமிடமே போதுமே. சரியான தூரம் எது, அப்பா எவ்வளவு நேரம் வானத்தில் இருப்பார், எங்கள் வீட்டு வாசலிலிருந்து லங்காவியில் விடுதி வாசல் வரை மொத்தம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பாடாங் செராயும் கெடா, லங்காவியும் கெடா. கெடாவிலிருந்து கெடாவுக்குப் போகப் பினாங்கில் போய் விமானம் ஏறுவதா என்று மாமா கேலி செய்துகொண்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லவாவது ஒரு தெளிவான கணக்கு வேண்டும்.

ஐந்தாம்_படிவம்

தம்பி, நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே தூரத்தைத்தான் சொல்கின்றன. 130 என்பது கிலோமீட்டர், 81 என்பது சாலையில் நாம் சொல்லும் மைல், 70 என்பது கடலிலும் வானிலும் பயன்படும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அலகைப் போடாமல் எண்ணை மட்டும் பெரிதாகப் போடும் பக்கங்களால் வந்த குழப்பம் இது.

நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். முன்பு ஐந்தாம் படிவக் கணிதத்தில் பூமியைக் கோளமாக வைத்துத் தூரம் காணும் பாடம் ஒன்று இருந்தது. அதைப் படித்த தலைமுறை என்றால் உங்களுக்கு நினைவிருக்கும். பினாங்கு விமான நிலையம் வட அட்சரேகை 5 பாகை 18 கலையிலும், லங்காவி விமான நிலையம் 6 பாகை 20 கலையிலும் உள்ளன. வித்தியாசம் 62 கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல் ஆகையால், வடக்கு நோக்கி 62 கடல் மைல் போக வேண்டும் என்பது பெருக்கல் வகுத்தல் எதுவும் இல்லாமலே கிடைத்துவிடுகிறது. தீர்க்கரேகையில் பினாங்கு கிழக்கே 100 பாகை 17 கலை, லங்காவி 99 பாகை 44 கலை. வித்தியாசம் 33 கலை. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால் இதையும் ஏறத்தாழ 33 கடல் மைல் என்றே கொள்ளலாம். வடக்கே ஐரோப்பாவில் என்றால் இந்தச் சலுகை கிடையாது, அங்கே தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். இனி பித்தகோரஸ் தேற்றம்தான்: 62-இன் வர்க்கத்தையும் 33-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 70 கடல் மைல் வருகிறது. 1.852-ஆல் பெருக்கினால் 130 கிலோமீட்டர்.

பூமி உருண்டையாயிற்றே, அந்த வளைவைக் கணக்கில் கொள்ள வேண்டாமா என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். இவ்வளவு குறுகிய தூரத்தில் வளைவு பொருட்டே அல்ல. பினாங்கிலிருந்து லங்காவிக்குக் கடலடியில் நூல் பிடித்தாற்போல் நேராக ஒரு சுரங்கம் தோண்டினாலும், மேற்பரப்பு வழியைக் காட்டிலும் இரண்டு மீட்டரை ஒட்டித்தான் மிச்சமாகும். விமானம் உயரத்தில் பறப்பதால் கூடும் தூரமும் நூறு மீட்டர் அளவில்தான் இருக்கும்.

நேரத்துக்கு வருகிறேன். 10 நிமிடம் என்று காட்டிய பக்கம் தூரத்தை வேகத்தால் வகுத்து அப்படியே போட்டிருக்கிறது. 40 நிமிடம் என்று காட்டியது, அந்தப் பத்தோடு ஏறவும் இறங்கவும் என்று கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரத்தைச் சேர்த்திருக்கக்கூடும். இத்தகைய பக்கங்கள் பலவற்றின் சூத்திரம் அதுதான். உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் அதே அரை மணியைச் சேர்க்கும் சூத்திரம் அது. இங்கே விடை உண்மைக்கு நெருக்கமாக அமைந்தது தற்செயல். நான்கு மணி நேரம் காட்டியது நேரடி விமானமாக இராது, கோலாலம்பூரில் இறங்கி மாறும் சீட்டாக இருக்கும். தெற்கே போய்த் திரும்பவும் வடக்கே வருவதற்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு அது. தேடும்போது நேரடிப் பயணம் என்ற கட்டத்தைத் தவறாமல் சொடுக்கிக்கொள்ளுங்கள். நேரடி விமானம் எல்லா நாளும் எல்லா வேளையும் இருக்கும் என்று எண்ணி விடுதிக்கு முன்பணம் கட்டிவிட வேண்டாம்.

ஓடுதளம்_22

ஆசிரியர் தூரத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். விமான நிலையத்தில் தரைப்பணியில் இருந்தவன் என்ற முறையில் நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியின் சத்து அங்கேதான் இருக்கிறது.

சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் அன்று. விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து அது நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, மறுமுனையில் போய் நின்று மீண்டும் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. பின்னோக்கித் தள்ளுவது, இயந்திரத்தை முடுக்குவது, ஓடுதளத்தின் முனை வரை ஊர்ந்து போவது, முன்னால் ஒரு விமானம் இறங்கினால் காத்திருப்பது, இறங்கிய பின் நிற்குமிடம் வரை ஊர்ந்து வருவது ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். பினாங்கு – லங்காவிக்கு 35 முதல் 45 நிமிடம் வரை அச்சிடுகிறார்கள் என்றால், அதில் ஜெட் விமானம் வானில் இருப்பது 20 நிமிடத்துக்குச் சற்று மேல். சுழல்விசிறி கொண்ட ஏடிஆர் 72 என்றால் இன்னும் ஐந்தாறு நிமிடம் கூடும். இந்தத் தடத்தில் இரண்டு வகையும் பறந்திருக்கின்றன.

அப்படியானால் 800 கிலோமீட்டர் வேகம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அந்த வேகம் முப்பதாயிரம் அடிக்கு மேலே, காற்று மெலிந்த இடத்தில், சமமாகப் பறக்கும்போது கிடைப்பது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவான வேக வரம்பு 250 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 463 கிலோமீட்டர். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறோமோ அதை மூன்றால் பெருக்கினால், எத்தனை கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும் என்பது கிடைக்கும். முப்பத்தைந்தாயிரம் அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல் வேண்டும். நம்முடைய மொத்த வழியே 70 கடல் மைல்தான். ஆகவே இந்தத் தடத்தில் எந்த விமானியும் அவ்வளவு உயரத்துக்குப் போவதில்லை. பத்திலிருந்து பதினைந்தாயிரம் அடி வரை ஏறி, நிமிர்ந்து உட்காருவதற்குள் இறங்கத் தொடங்கிவிடுவார். ஏறுவதும் இறங்குவதுமாகவே பயணம் முடிந்துவிடுவதால், விமானத்தின் உச்ச வேகத்தைக் காட்ட இடமே இல்லை. பணியாளர்கள் தள்ளுவண்டியை வெளியே எடுத்தால் அதுவே பெரிய காரியம்.

இன்னொன்றும் உண்டு. 130 கிலோமீட்டர் என்பது காக்கை பறக்கும் தூரம். விமானம் ஓடுதளம் நோக்கும் திசையில்தான் கிளம்பியாக வேண்டும். பினாங்கின் ஓடுதளம் வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. லங்காவியோ வடக்கிலிருந்து சற்றே மேற்கில் இருக்கிறது. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் வடகிழக்கு நோக்கி எழும்பினால் இடப்பக்கம் திரும்பி வழியைப் பிடிக்கலாம். தென்மேற்குக் காற்று அடிக்கும் நாளில் அதற்கு எதிர்த்திசையில் எழும்ப வேண்டும். லங்காவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, கடல் மேல் வளைந்து, பிறகு வடக்கே வர வேண்டும். லங்காவியிலும் ஓடுதளம் கிட்டத்தட்ட இதே வாக்கில் இருப்பதால், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கு ஏற்பச் சுற்றித்தான் இறங்க நேரும். இந்த வளைவுகளே இருபது முப்பது கிலோமீட்டரைச் சேர்த்துவிடும். நீண்ட பயணத்தில் இது கண்ணில் படாது. 130-இல் முப்பது என்பது கால் பங்குக்கு அருகில். போதாக்குறைக்குப் பட்டர்வொர்த் ஆகாயப் படைத் தளம் நீரிணைக்கு அப்பால் இருபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. உங்கள் அப்பா அண்ணாந்து பார்த்த அதே போர் விமானங்களுக்கும் சேர்த்து வழி ஒதுக்கியாக வேண்டும் என்பதால், கட்டுப்பாட்டு அதிகாரிகள் சில சமயம் சற்றுச் சுற்றிவிடுவார்கள்.

சாங்கி_பயல்

ஓடுதளம் அண்ணன் சொன்னதற்கு ஓர் ஒப்பீடு. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் பலரைப் போல நானும் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். சாங்கியும் ஒரு தீவு விமான நிலையம்தானே. பினாங்கிலிருந்து அங்கே 600 கிலோமீட்டர். அதாவது லங்காவித் தூரத்தைப் போல நான்கரை மடங்குக்கும் மேல். ஆனால் அட்டவணையில் போட்டிருப்பது ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான். தூரம் நான்கரை மடங்கு கூடியபோது நேரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் கூடியிருக்கிறது. ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதுமாகிய பகுதி எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், தூரம் குறையக் குறைய அந்தப் பகுதியே பயணம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

கணக்குப் போடுகிறவர்களுக்குக் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. தீபகற்பம் 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக் நேரத்துக்கு மாறியபோது அவர்களும் மாறிக்கொண்டார்கள். லங்காவிக்கு வடக்கே இருக்கும் புக்கெட் தீவு மட்டும் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே போகும் சீட்டில் புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து கழித்துப் பார்த்து, 380 கிலோமீட்டரைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். லங்காவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

வேன்_அண்ணன்

வானத்துக் கணக்கை நீங்கள் எல்லாரும் பார்த்தாயிற்று, நான் தரைக் கணக்கைச் சொல்கிறேன். கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கத்துக் குடும்பங்களைத் துறைக்கும் விமான நிலையத்துக்கும் ஏற்றிப் போவது என் தொழில்.

தம்பி, பாடாங் செராயிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு இரண்டாவது பாலம் வழியாகப் போனால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து காவானில் ஏறிப் பத்து மாவுங்கில் இறங்கும் பாலம் அது, 2014-இல் திறந்தது, 24 கிலோமீட்டர் நீளம். இறங்கிய இடத்திலிருந்து விமான நிலையம் பக்கம். 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர்தான் என்று ஆசைப்பட்டு அதில் காலையில் ஏறினால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருக்க வேண்டும். நீளமான பாலமே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெட்டி போடும் கவுண்ட்டர் பல நிறுவனங்களில் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். வயதானவர்களோடு போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வதுதான் முறை. பறப்பதும் ஊர்வதும் 40 நிமிடம். இறங்கிப் பெட்டி எடுக்க 20 நிமிடம். லங்காவி விமான நிலையம் பாடாங் மட்சிராட்டில், தீவின் மேற்குப் பக்கம் இருக்கிறது. பந்தாய் செனாங்கில் தங்குவதாக இருந்தால் கால் மணி நேரத்தில் விடுதிக்குப் போய்விடலாம். கூட்டிப் பாருங்கள், மூன்றே முக்கால் மணி நேரம்.

இனி ஃபெர்ரி. கோலா கெடாவுக்குச் சாலையில் ஒன்றே கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை. வண்டியை நிறுத்தி, சீட்டெடுத்து, வரிசையில் நிற்க முக்கால் மணி. கடலில் ஒன்றே முக்கால் மணி. கூவா துறையில் இறங்கிச் செனாங் போக அரை மணி. எல்லாம் சேர்ந்தால் நாலேகால், நாலரை மணி. ஆக விமானத்தில் போனால் மிச்சமாவது அரை மணியிலிருந்து முக்கால் மணி. கூவாவிலேயே தங்குகிறீர்கள் என்றால் அதுவும் இல்லை, ஏனென்றால் ஃபெர்ரி உங்களைக் கூவாவிலேயே இறக்கிவிடும், விமானமோ தீவின் மறுபக்கம் இறக்கிவிட்டு மீண்டும் வண்டி பிடிக்க வைக்கும். நேரத்துக்காக மட்டும் விமானம் ஏற வேண்டியதில்லை என்று உங்கள் மாமாவிடம் தாராளமாகச் சொல்லலாம். ஃபெர்ரிக்கு ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன் சொல்கிறான் என்று நினைத்தால், எண்களை நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வலுத்த நாள்களில் கடல் மாறிவிடும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஃபெர்ரி குதித்துக்கொண்டே போனால், இளையவர்களே நெகிழிப் பையைத் தேடுவார்கள். அந்த மாதங்களில் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் விமானத்தை நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அது வேறு காரணம், நேரக் காரணம் அன்று.

செராய்_மகன்

அனைவருக்கும் நன்றி. மாமாவிடம் கணக்கைக் காட்டினேன். அரை மணி நேரத்துக்காகவா இத்தனை ஏற்பாடு என்று இன்னும் சத்தமாகச் சிரிக்கிறார். ஆனால் நேரத்துக்காகப் போகவில்லை என்பது இப்போது எனக்கும் தெளிவாகிவிட்டது. அப்பா ஏறட்டும், அதற்காகப் போகிறோம். திரும்பும்போது ஃபெர்ரியில் வருவதாக முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டு சந்தேகங்கள் மட்டும் மிச்சம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, படி ஏறுவது சிரமம். அதோடு, விமானத்திலிருந்து பார்த்தால் குனோங் ஜெராய் மலை தெரியுமா என்று அவர் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். எந்தப் பக்கத்து இருக்கையை எடுக்க வேண்டும்?

ஓடுதளம்_22

போகும்போது வலப்பக்க ஜன்னல். விமானம் வடக்கு நோக்கி, சற்று மேற்கே சாய்ந்து போகிறது. தீபகற்பக் கரை முழுவதும் வலப்பக்கம்தான் வரும். குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம், சுற்றிலும் தாழ்ந்த வயல்வெளி. வழியிலிருந்து 45 கிலோமீட்டர் போலக் கிழக்கே இருந்தாலும், மூட்டமில்லாத காலையில் தனியாக நிற்பது தெரியும். புறப்பட்டுப் பத்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு அதே பக்கத்தில் பாயார் தீவு வரும், பிறகு இறங்கத் தொடங்கிவிடுவார்கள். இருக்கை எண்ணில் கடைசி ஆங்கில எழுத்து எஃப் என்று இருந்தால் அது வலப்பக்க ஜன்னல். இந்தத் தடத்தில் பறக்கும் ஜெட்டிலும் ஏடிஆரிலும் பெரும்பாலும் அப்படித்தான். பிற்பகலில் கரையோரம் மேகம் திரண்டுவிடும் என்பதால், காலை விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் கேட்டால் இந்த ஒரு முறை கட்டிவிடுவது நல்லது, இல்லையேல் கணினி அவரை நடைபாதை ஓரம் உட்கார வைத்துவிடும்.

முழங்காலைப் பொறுத்தவரை, ஏடிஆர் விமானத்தில் கதவு பின்பக்கம் இருக்கும். கதவோடு சேர்ந்த படியே கீழே இறங்கும். விமானம் தாழ்வாக நிற்பதால் ஏற வேண்டியது சில படிகள்தான், கையால் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. ஜெட் என்றால் சில நேரம் இணைப்புப் பாலம் வழியாக நடந்தே போகலாம், சில நேரம் வெளியே நிறுத்தி உயரமான படிக்கட்டு வைப்பார்கள். எது அமையும் என்பது அன்றுதான் தெரியும். ஆகவே சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். படி ஏற முடியுமா, முடியாதா என்றும் கேட்பார்கள்; அப்பா கௌரவத்துக்காக முடியும் என்று சொல்லிவிடுவார், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். குறுகிய நேரத்தில் ஏறி இறங்குவதால் காது அடைக்கும். இறங்கத் தொடங்கும்போது வாயில் போட்டுக்கொள்ள மிட்டாய் கொடுங்கள். அடையாள அட்டையை அவருடைய சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம்.